பட்டம் மாறியது, தொழில் மாறியது: கிராமத்துக் குடும்பத்தைப் பழைய ஆவணங்களில் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாதே. பிறகு எதைத் தேடுவது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலான குடும்பங்களின் நிலை அதுதான். தலைப்பெழுத்து அப்பாவின் பெயரிலிருந்து வருகிறது. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். சில குடும்பங்களில் அதற்கு முன்னால் ஊர்ப்பெயரின் எழுத்தும் சேர்ந்துகொள்ளும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். ஊருக்குள் புழங்குவதற்குத் தனியாக ஒரு பட்டப்பெயர். நிலம் நீச்சு என்று வந்துவிட்டால் 'இன்னார் வகையறா'. ஓர் ஆவணம் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளும், அடுத்த ஆவணம் வேறொன்றை எடுத்துக்கொள்ளும்.

அதனால் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் மூன்றாம் தலைமுறையில் முட்டுச்சந்தில் நிற்பார். நிலத்தையும் பங்காளிகளையும் பிடித்துக்கொண்டு போனால் பெயர் தானாக வந்து சேரும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வழியைத்தான் வேறு வேறு அலுவலகங்களுக்குள் கொண்டுபோகின்றன.

முதலில் எங்கே பார்க்க வேண்டும்? ஆவணக் காப்பகத்திலா?

வீட்டில். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியில் தாய்ப்பத்திரம், கிஸ்தி ரசீது, புரோநோட்டு, ஜாதகம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மொய் நோட்டைப் பலரும் குப்பை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கல்யாண மொய் நோட்டில் ஊர்ப்பெயர், அப்பா பெயர், பட்டம் மூன்றும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். தாய்மாமன் முறைச் செய்முறை தனியாக எழுதப்பட்டிருக்கும். உறவுமுறையை இவ்வளவு கறாராகப் பதிவு செய்த வேறு ஏடு கிராமத்தில் இல்லை.

பெரியவர்களிடம் கேட்கும் முறையும் முக்கியம். "உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். "யார் வீட்டுச் சாவுக்கு நாம் தீட்டுக் காக்கிறோம்?", "குலதெய்வக் கோயிலில் நம்மோடு தலைக்கட்டு வரி கொடுப்பவர்கள் யார் யார்?", "யார் வீட்டில் பெண் எடுக்கக் கூடாது?" என்று கேளுங்கள். பங்காளி வட்டம் முழுவதும் கைக்கு வந்துவிடும். இன்றைக்கு நாலு ஊரில், நாலு விதமான பட்டத்தோடு இருக்கும் குடும்பங்கள் ஒரே குலதெய்வத்துக்கு வரி கொடுக்கின்றன என்றால், தேட வேண்டிய பூர்வீக ஊர் அந்தக் கோயிலைச் சுற்றித்தான் இருக்கும். கோயில் வரி நோட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். நகரத்தாருக்கு இது இன்னும் எளிது. அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களில் திருமணமானவர்கள் புள்ளிகளாக (தனிக் குடும்பக் கணக்காக) பதிவாகிறார்கள். திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதும் வழக்கமும் உண்டு.

பழைய பத்திரம் ஒன்று கிடைத்தது. படிக்கவே முடியவில்லை. அதில் என்ன பார்ப்பது?

முதல் நான்கு வரிகளைப் பாருங்கள். குடும்ப வரலாற்றுக்குத் தேவையானதில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. வாசகம் ஏறக்குறைய இப்படி அமைந்திருக்கும் (பெயர்கள் மாதிரிக்காக மட்டும்):

"1913௵ ஜனவரி௴ பரிதாபி வருஷம் தை மாதம், மதுரை ஜில்லா திருமங்கலம் தாலுகா மேலூரணி கிராமத்திலிருக்கும் குயவர் ஜாதி சிவமதம் பயிர் ஜீவனம் கருப்ப வேளார் குமாரர் முத்து வேளாருக்கு, ௸ ஊரிலிருக்கும்..."

௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. இந்த ஐந்து குறிகளும் பழகிவிட்டால் பாதிப் பத்திரம் படித்த மாதிரிதான்.

அடுத்து, இந்த ஒரே வரியில் ஓர் ஆளைப் பற்றி மூன்று தனித்தனிச் செய்திகள் இருப்பதைக் கவனியுங்கள். ஜாதி குயவர். பட்டம் வேளார். ஜீவனம் பயிர். அதாவது 1913இலேயே அந்த வீட்டில் சக்கரம் சுற்றுவது நின்றிருக்கலாம், அல்லது விவசாயமே முக்கிய வருமானமாகியிருக்கலாம். பட்டத்தை மட்டும் பார்த்தவர் 'மண்பாண்டம் செய்தார்' என்று எழுதிவிடுவார். ஜீவனத்தைப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

ஜீவனம் என்ற அந்தச் சொல்லுக்கு முன்னால் வருவதுதான் தொழில்: கூலி ஜீவனம், வியாபார ஜீவனம், நெசவு ஜீவனம், உத்தியோக ஜீவனம். 'சுக ஜீவனம்' என்றும் வரும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலத்தை விட்டு, வட்டிக்குப் பணம் கொடுத்து, உடல் உழைப்பில்லாமல் இருந்தவர் என்று பொருள். ஒரே ஆளுடைய பத்து ஆண்டுப் பத்திரங்களை வரிசையாக அடுக்கி, ஜீவனத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூலி, பயிர், வியாபாரம் என்று ஏறியதும் தெரியும். அதே வரிசையில் இறங்கியதும் தெரியும்.

கடைசிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கையெழுத்தா, கைநாட்டா என்பது அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடம் எட்டியதா என்பதைச் சொல்லிவிடும். சாட்சிகளில் ஒருவராவது பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பது வழக்கம்.

பத்திரம் எல்லாம் தொலைந்துவிட்டது. இனி வழி இருக்கிறதா?

இருக்கிறது. வீட்டில் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். சென்னை மாகாணத்தில் ஆவணப் பதிவு 1860களில் தொடங்கிவிட்டது. இப்போதும் நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். வில்லங்கச் சான்று 1975க்குப் பிந்தைய காலத்துக்குப் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்வாரியாக, மற்றது சொத்துவாரியாக. பெயர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்குச் சொத்துவாரி அட்டவணைதான் உதவும். அசையாச் சொத்து ஆவணங்களுக்கான முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்று சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. உயில்கள் பதியப்படும் மூன்றாம் புத்தகத்துக்கு இது பொருந்தாது.

நகல் கிடைத்ததும் செக்குபந்தியைப் படியுங்கள். 'ராமன் நிலத்துக்கு மேற்கு, ஊர்ப்பாதைக்கு வடக்கு' என்று நான்கெல்லை சொல்லும் பகுதி அது. பாகம் பிரித்த நிலம் அடுத்தடுத்துத்தான் இருக்கும். எனவே எல்லையில் வரும் பெயர்களில் அண்ணன் தம்பி, சித்தப்பா மக்கள் இருக்க வாய்ப்பு அதிகம். கிரயப் பத்திரத்தில் தன் தாத்தாவைத் தேடிக் கிடைக்காமல், பக்கத்து நிலத்துக்காரருடைய பத்திரத்தின் எல்லையில் கண்டுபிடிப்பது இந்த வேலையில் சர்வ சாதாரணம்.

ஒரே ஒரு பத்திரம்தான் எடுக்கப் பணம் இருக்கிறது என்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுங்கள். வம்சாவளியைச் சட்டப்படி எழுதிவைத்த தாள் அது.

வருவாய்த் துறைக் கணக்குகளில் எவ்வளவு பின்னால் போக முடியும்?

உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிக் கிராமம் என்றால் 19ஆம் நூற்றாண்டுவரை போகலாம். ஜமீன் கிராமம் என்றால் சிரமம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கெல்லாம் அரசின் நிலவரித் திட்டம் வந்தது. அதற்கு முந்தைய கணக்கு ஜமீன் கச்சேரியில் இருந்தது, தப்பியது கொஞ்சம்தான்.

வழி இப்படிப் போகும். இன்றைய பட்டா, சிட்டாவிலிருந்து யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டக் கணக்குக்குப் போங்கள். 1979இல் தொடங்கி 1980களில் முடிந்த திட்டம் அது. ஏக்கர் சென்ட் ஹெக்டேராக மாறியதும், பலருடைய பெயர் கன்னாபின்னாவென்று பதிவானதும் அப்போதுதான். அதிலிருந்து பழைய சர்வே எண்ணைப் பிடித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த மறு நிலவரித் திட்டப் பதிவேட்டுக்குப் போகலாம். அதற்கும் முன்னால் 'பைமாஷ்' எண் என்று ஒன்று உண்டு. முறையான சர்வே வருவதற்கு முந்தைய அளவைக் கணக்கு. ஒவ்வொரு படியிலும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். ஏணியின் படிகள் அந்த எண்கள்தான். பட்டாதாரரின் பெயரில் 'முத்தன்' என்றிருந்தது 'முத்துச்சாமி வகையறா' ஆனாலும் எண் கைவிடாது.

பரம்பரைக் கர்ணம் (ஊர்க்கணக்கர்), மணியம் (ஊர்த்தலைவர்) பதவிகள் 1980 நவம்பர் 14இல் ஒழிக்கப்பட்டன. அன்றுவரை ஊர்க்கணக்கு கர்ணம் வீட்டில் இருந்தது. கணக்கு கைமாறியபோது எல்லா நோட்டுகளும் கைமாறிவிடவில்லை. பழைய கர்ணம் குடும்பத்தோடு பகை இல்லையென்றால் ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வரலாம்.

இனாம் பதிவேடு என்கிறார்களே, அது கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் மட்டும்தானே?

இல்லை. இனாம் என்றால் வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட மானிய நிலம். கைத்தொழில் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான். 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் தூய பதிவேட்டில், ஊர்ப் பணிகளுக்காக விடப்பட்ட மானியங்களும் அடங்கும். தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், பூசாரி, உவச்சர், மேளக்காரர், கோயில் நடனப் பெண்கள் என்று பலர் இருப்பார்கள். எந்தப் பணிக்காக விடப்பட்டது, முதலில் யாருக்கு விடப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வயது என்ன, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்றெல்லாம் பத்திகள் இருக்கின்றன. 1860களில் ஐம்பது வயது என்று பதிவான ஒரு கொல்லர் 1810 வாக்கில் பிறந்தவர். அவருடைய தாத்தா பெயரும் அதே வரியில் கிடைத்தால் 18ஆம் நூற்றாண்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள். வேறு எந்த ஏட்டிலும் சாமானியக் குடும்பத்துக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

பிற்காலப் பத்திரங்களில் நிலத்துக்கு 'டி.டி. நம்பர்' (டைட்டில் டீட் எண்) என்று குறித்திருந்தால் அது இனாம் நிலமாக இருந்தது என்று பொருள். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டில் தேடலாம்.

பசலி, கொல்லம், பிரபவ என்று ஆண்டுகள் குழப்புகின்றனவே?

பசலி என்பது வருவாய்த் துறைக் கணக்கின் ஆண்டு. அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி ஆண்டு தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. பசலி 1322 என்றால் 1912 ஜூலை முதல் 1913 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்துக் கொல்லம் ஆண்டுக்கு ஆவணிக்குப் பின் 824, தை முதல் 825 கூட்டுங்கள். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது; மற்றவற்றை அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால் பழைய ஆவணங்கள் மலையாளத்திலும் இருக்கும்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பம் எங்களுடையது. யார் யார் என்று எப்படிப் பிரிப்பது?

முத்து மகன் கருப்பன், கருப்பன் மகன் முத்து, முத்து மகன் கருப்பன். மூன்று ஆவணங்கள், நூறு ஆண்டுகள், இரண்டே பெயர்கள். அவசரக்காரர்கள் இதை ஓர் அப்பன், ஒரு பிள்ளை என்று முடித்துவிடுவார்கள்.

ஆண்டை முதலில் வையுங்கள்; பிறகு மனைவி பெயரைப் பாருங்கள். முத்துவின் பாரியாள் வீரம்மாள் என்றும், இன்னொரு முத்துவின் பாரியாள் பேச்சியம்மாள் என்றும் இருந்தால் அவர்கள் இரண்டு பேராகவும் இருக்கலாம், ஒருவருக்கே இரண்டு தாரமாகவும் இருக்கலாம். மைனர், கார்டியன் என்ற சொற்கள் வந்தால் தகப்பன் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மைனருக்கு ஏறத்தாழ என்ன வயது என்றும் எழுதியிருப்பார்கள். பெயர், தகப்பன் பெயர் இரண்டும் பொருந்துவது போதாது. நிலத்தின் எண், மனைவி, எல்லைக்காரர், குலதெய்வம் இவற்றில் குறைந்தது இரண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று எழுதுவேன். அதுவரை பென்சிலில்தான்.

பரம்பரையாகப் பெயர் வைக்கும் பழக்கத்தால் ஒரு நன்மையும் உண்டு. திடீரென்று ஒரு தலைமுறையில் காந்தி, சுபாஷ், திராவிடமணி என்று பெயர்கள் வந்தால், அந்த வீட்டுக்குள் அரசியல் எப்போது நுழைந்தது என்று ஆவணம் இல்லாமலே தெரிந்துவிடும்.

பட்டம் ஏன் மாறியது? யார் மாற்றினார்கள்?

மூன்று பேர் மாற்றினார்கள்: அரசாங்கம், சாதிச் சங்கம், குடும்பமே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஒவ்வொரு சாதியையும் ஒரு பெயருக்குள் அடைத்து வரிசைப்படுத்தியதும், சங்கங்கள் மனுப் போடத் தொடங்கின. சாணார் என்று எழுதப்பட்டவர்களை நாடார் என்று எழுத 1921இல் அரசு ஆணையிட்டது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று பதிய வேண்டும் என்று எம்.சி. ராஜா 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டில் அரசாணையும் வந்தது. பள்ளி என்ற சாதிப் பெயரில் பதியப்பட்டவர்கள் 1931 கணக்கெடுப்பில் வன்னியகுல க்ஷத்திரியர் ஆனார்கள். கைக்கோளர் செங்குந்தர் ஆனது, இடையர் யாதவர் ஆனது எல்லாம் இதே காலத்துப் போக்குகள். ஆகவே 1915இல் ஒரு பெயரும் 1935இல் வேறு பெயரும் இருந்தால் குடும்பம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். பல நேரம் மாறியது சர்க்கார் அகராதிதான்.

அடுத்த அலை பட்டத்தையே வெட்டிய அலை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியனே நாடார் பட்டத்தைத் துறந்தார். இது கிராமத்துக்கு உடனே வந்துவிடவில்லை. அண்ணன் தம்பிகளில் படித்தவர் பட்டத்தை விட, நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் வைத்துக்கொண்டதைப் பத்திரங்களில் பார்க்கலாம். ஒரே பாகப்பிரிவினையில் ஒருவர் 'பிள்ளை', உடன்பிறந்தவர் வெறும் தலைப்பெழுத்து. 1960, 70களுக்குள் பட்டம் கல்யாணப் பத்திரிகைக்கும் சாவு நோட்டீசுக்கும் சுருங்கிவிட்டது.

குடும்பம் தானாக மாற்றிக்கொண்டதற்கும் சான்று கிடைக்கும். முறைப்படி பெயர் மாற்றியவர்கள் அரசிதழில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் அதில் இருக்கும்.

ஒரே ஆள் ஒரு கணக்கில் 'முனியன்', இன்னொன்றில் 'முனுசாமி'. எது சரி?

இரண்டும். எழுதியவர் யார் என்று பாருங்கள். ஊர்க்கணக்கு எழுதியவர் தாழ்த்தப்பட்ட சாதிக்காரரின் பெயரை 'சாமி' என்று முடிக்க மாட்டார். 'ன்' போட்டு நிறுத்திவிடுவார். அதே ஆள் மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது, நல்ல மனம் படைத்த வாத்தியார் ஒருவர் தகப்பன் பெயரை 'முனுசாமி' என்று எழுதியிருப்பார். பட்டாளத்திலோ ரயில்வேயிலோ சேர்ந்தால் அங்கே வேறொரு முழுப்பெயர். எனவே மாடன்–மாடசாமி, கருப்பன்–கருப்பசாமி, சுப்பன்–சுப்பையா–சுப்பிரமணியன் என்று எல்லா வடிவங்களிலும் தேட வேண்டும். குடும்ப வரலாறு எழுதும்போது எந்த ஆண்டில், எந்த ஏட்டில் 'ன்' போய் 'சாமி' வந்தது என்று குறித்துவையுங்கள். நில ஆவணம் சொல்லாத ஒரு முன்னேற்றம் அது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் ஐந்து வயது கணக்காக வருமாறு தலைமையாசிரியர் போட்ட தேதிகள் ஏராளம். பழைய பிறப்புப் பதிவேடுகளிலும் குழந்தையின் பெயர்ப் பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். 'ஆண்' என்று மட்டும் எழுதி, தகப்பன் பெயரைப் போட்டு விட்டிருப்பார்கள்.

ஆசாரி, செட்டியார், வேளார் என்ற பட்டம் இருந்தால் அந்தத் தொழில்தான் செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசாரி என்ற ஒரே பட்டத்துக்குள் கொல்லு, தச்சு, கல், கன்னான், தட்டான் என்று ஐந்து தொழில்கள் இருக்கின்றன. தட்டார்களில் பத்தர் என்றும் எழுதுவார்கள். செட்டியார் என்றால் செக்கு ஆட்டியவராகவும் இருக்கலாம், நெய்தவராகவும் இருக்கலாம், பர்மாவில் வட்டிக்கடை வைத்தவராகவும் இருக்கலாம். பட்டம் ஒரு பரம்பரைச் சொத்து. தொழில் அன்றாடப் பாடு.

தொழில் எப்போது கைவிடப்பட்டது என்று அறிய, கூலி முறையைக் கவனியுங்கள். ஊர்த் தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் களத்தில் அளக்கப்பட்ட நெல்தான் வருமானம். மேரை, சுதந்திரம் என்று ஊர்க்கணக்கில் எழுதியிருக்கும். இந்தப் பங்கு கணக்கிலிருந்து மறையும் இடமும், அதே குடும்பத்துப் பத்திரத்தில் 'கூலி ஜீவனம்' தோன்றும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

காரணத்தையும் தேடுங்கள். 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் கூலிகளும் கைத்தொழிலாளரும்தான். விளைச்சல் இல்லையென்றால் உழவனுக்குக் கலப்பை வேண்டாம், யாரும் சேலை வாங்க மாட்டார்கள். ஒரு நெசவுக் குடும்பம் 1870களில் ஊர் மாறியிருந்தால் அந்தப் பஞ்சத்தை முதல் காரணமாக வைத்துத் தேடலாம். ஆலைத் துணி, உப்புச் சட்டம், ரயில், மண்ணெண்ணெய், பம்ப்செட் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொழிலைத் தின்றது. மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலை போய் பம்ப்செட் வந்ததும், தோல் பரி தைத்துக் கொடுத்தவருக்கும் கமலைச் சாமான் செய்த தச்சருக்கும் வேலை போனது. பத்திரத்தில் அது ஜீவன மாற்றமாக மட்டும் தெரியும்.

எங்களுக்கு நிலமே கிடையாது. பண்ணையாளாக இருந்தவர்கள். எங்கே தேடுவது?

கடினம், ஆனால் வெறுமை இல்லை. 1892இல் வெளியான அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்வது அதைத்தான். பதிவேடுகளில் 'டி.சி.' (டிப்ரஸ்டு கிளாஸ்) என்ற குறிப்போடு வரும். இன்று அந்த நிலம் யார் கையில் இருந்தாலும் முதல் ஒப்படை யார் பெயரில் என்று கேளுங்கள். தரங்கம்பாடி, தஞ்சை, நெல்லை வட்டாரங்களில் மிஷன் பள்ளிகளின் பதிவேடுகள் உண்டு. நிலக்கிழார்களின் ஓலைகளில் ஆளடிமையாக எழுதப்பட்டவர்களின் பெயர்களும் இருக்கின்றன. தன் முன்னோரின் பெயரை அங்கே படிப்பது யாருக்கும் லேசான காரியம் அல்ல.

நிலமற்ற குடும்பங்களைப் பற்றி மிக விரிவாக எழுதிவைத்தது கப்பல் பட்டியல்தான்.

கப்பலேறிப் போனவர்களை எப்படித் தேடுவது?

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு உடலில் உள்ள தழும்பு மச்சம்வரை எழுதப்பட்டது. அதே ஆண்டுகளில் ஊரில் இருந்தவருக்குக் கிடைக்காத விவரம் இது. மொரீஷியஸுக்கு 1834 முதல் போனவர்களின் குடியேற்றப் பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

ஊர்ப்பெயர்களை வெள்ளைக்காரக் காதால் கேட்டுத் தேடுங்கள்: சிங்கிள்புட், டிரிச்சினாபோலி, டின்னவெல்லி. பட்டங்களும் அங்கே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டன. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், படையாச்சி படயாச்சியாகவே இருக்கிறார். மொரீஷியஸில் ஆறுமுகம், வீராசாமி போன்ற தனிப்பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலோடு குடும்பப் பெயராயின. ஊரில் பட்டம் உதிர்ந்து, கடல் கடந்த கிளையில் மட்டும் அது நிலைத்த குடும்பங்கள் உண்டு. டர்பனிலிருந்து வரும் கடிதத்தில் உங்கள் பழைய பட்டம் இருந்தால் வியக்க வேண்டாம்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் கங்காணியின் கணக்கில் வருவார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமைக்குப் போட்ட மனுக்களும், 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டைகளும் நல்ல சான்றுகள். பலருடைய வீட்டில் இன்னும் இருக்கின்றன. லேமினேட் செய்யாமல் உறையில் போட்டு வையுங்கள்.

கிறித்தவக் குடும்பம், புதுச்சேரிக் குடும்பம் என்றால் வேறு வழியா?

ஆம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் இருக்க வாய்ப்புண்டு. சாதியையும் எழுதியிருப்பார்கள், மதம் மாறியும் அது மாறவில்லை. 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனின் ஆவணங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் பாதுகாக்கப்படுகின்றன.

புதுச்சேரியின் கதை சுவையானது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் தேர்ந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனது இப்படித்தான். தமிழ்ப் பெயரோடு இறங்குமுகமாகத் தேடி 1880களில் ஆள் காணாமல் போனால், பிரெஞ்சுப் பெயரில் அதே தெருவில் இருப்பார். பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பாட்டிகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையே?

அவர்கள் விற்பவராகவோ வாங்குபவராகவோ அரிதாகத்தான் வருவார்கள். விதவையான பிறகு ஜீவனாம்சப் பத்திரத்தில், சீதன நிலத்தின் கிரயத்தில், மைனர் மகனுக்குக் கார்டியனாகத் தேடுங்கள். 1989இல் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்த பிறகு, அண்ணன் தம்பிகள் சகோதரிகளிடம் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரங்கள் குவிந்தன. நியாயமா என்பது வேறு விஷயம். பெண் மக்கள் அத்தனை பேரின் பெயரும், கணவர் பெயரும், கட்டிக்கொடுத்த ஊரும் வரிசையாக இருக்கும் ஆவணம் அது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் எங்கள் வீட்டைப் பார்க்கலாமா?

முடியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். ஊர், தாலுகா அளவிலான தொகைகளை மட்டும் பார்க்கலாம்.

முன்னோர் பெயர் குற்றப் பரம்பரைப் பதிவேட்டில் இருக்கிறது. குடும்ப வரலாற்றில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும், சூழலோடு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1911க்குப் பிறகு நீண்டது. அந்தப் பதிவேட்டில் கைரேகை வைத்தவர் குற்றம் செய்தவர் அல்லர், குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதிவேட்டில் தொழில் என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்தெழுதாதீர்கள். அதே ஆளின் நிலப் பத்திரத்தில் 'பயிர் ஜீவனம்' என்று இருக்கக்கூடும்.

எங்கள் குலம் மன்னர் பரம்பரை என்று சங்கத்து நூலில் இருக்கிறது. அதை எங்கே பொருத்துவது?

எந்தச் சாதிச் சங்க நூலைத் திறந்தாலும் மன்னர் பரம்பரைதான். மானியத்தில் உழுதவனும் மேரை வாங்கியவனும் யாருக்கும் தாத்தா இல்லை போலும். அந்த நூல் எந்த ஆண்டு அச்சானது என்று பாருங்கள். 1890க்கும் 1935க்கும் இடைப்பட்டது என்றால் அது உங்கள் குடும்பத்தின் 12ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகாது. அச்சான காலத்தில் உங்கள் சாதியினர் எந்தப் பெயரைக் கேட்டு மனுப் போட்டார்கள் என்பதற்கு நல்ல சான்று. அந்த இடத்தில் பொருத்துங்கள்.

சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போவதென்றால் என்ன கொண்டுபோக வேண்டும்?

எழும்பூரில் உள்ள அந்தக் கட்டடம் 1909இல் மெட்ராஸ் ரிக்கார்ட் ஆபீஸாகத் தொடங்கியது. 'என் தாத்தா பெயர் இருக்கிறதா' என்று அங்கே போய்க் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கிராமத்தின் பெயர், அன்றைய தாலுகா, அன்றைய ஜில்லா, பழைய சர்வே எண் அல்லது டி.டி. எண், உத்தேச ஆண்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தாலுகா எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால் இன்றைய தாலுகாவைச் சொன்னால் தப்பான கட்டு வரும். அடையாள அட்டை, ஆராய்ச்சிக்கான கடிதம், பென்சில் வேண்டும். நகல் எடுக்க அனுமதி கிடைக்காத ஏடுகளைக் கையால் எழுதிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள். எழுதும்போது எழுத்துப் பிழையைத் திருத்தாமல், ஏட்டில் உள்ளபடியே எழுதுங்கள். 'முத்த வேளான்' என்றிருப்பதை 'முத்து வேளார்' என்று நீங்களே மாற்றிவிட்டால், அந்த மாற்றம் எந்த ஆண்டில் நடந்தது என்று பின்னால் தேடுபவருக்குத் தெரியாமல் போய்விடும்.